பங்கீட்டுப் பண்பும் படகில் ஏறாத தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடத்தில் மாலை நேரத்தில் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். எக்ஸைக் கண்டு மிரள்கிறார்கள் என்று க-வை மாறியாக வைத்துக்கொண்டேன். ஆனால் பங்கீட்டுப் பண்பு, அதாவது அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள எண்ணால் உள்ளே உள்ள ஒவ்வொன்றையும் பெருக்குவது, வந்ததும் நின்றுவிடுகிறார்கள். 3(க + 5) கொடுத்தால் பாதிப் பேர் 3க + 5 என்கிறார்கள், சிலர் 15க என்கிறார்கள். 3-லிருந்து க-வுக்கு ஒன்று, 5-க்கு ஒன்று என்று அம்புக்குறி போட்டுக் காட்டியதும் 3க + 15 என்று சரியாக எழுதினார்கள். மறுநாள் 3(க × 5) கொடுத்தேன். அதிலும் அம்புக்குறி போட்டு 3க × 15 என்று எழுதுகிறார்கள். கழித்தல் குறி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி, தங்கச்சிமடம்

அன்புள்ள சகோதரிக்கு,

அம்புக்குறியை ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். எங்கே போக வேண்டும் என்று அது காட்டும், ஏன் என்று சொல்லாது. அதனால்தான் பெருக்கலுக்குள்ளும் போய் நிற்கிறது.

முதலில் அந்தப் பெயரையே கவனியுங்கள். கடற்கரைப் பிள்ளைக்குப் பங்கு என்றால் மீன் விற்ற காசைப் பிரிப்பது. படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு. ஒருவர் வாங்கியது போக மிச்சம்தான் அடுத்தவருக்கு. அந்த நினைப்போடு 3(க + 5)-ஐப் பார்த்தால், 3-ஐ க வாங்கிக்கொண்டது, 5-க்கு ஒன்றும் இல்லை என்றுதானே தோன்றும்? இங்கே 3 பிரிவதும் இல்லை, தீர்வதும் இல்லை. க-வுக்கும் முழு 3, 5-க்கும் முழு 3. இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, க போன்ற எழுத்தே இல்லாமல் எண்ணில் தொடங்குங்கள். சாளை மீன் கிலோ 47 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, 6 கிலோ எவ்வளவு என்று மனக்கணக்காகக் கேளுங்கள். ஆறு நாப்பது 240, ஆறேழு 42, மொத்தம் 282 என்று யாராவது சொல்வார்கள். எப்படி வந்தது என்று கேட்டு, அந்தப் பிள்ளை சொன்னபடியே எழுதுங்கள்: 6(40 + 7) = 6 × 40 + 6 × 7. 240 + 7 என்று எந்தப் பிள்ளையும் விலை சொல்லாது. கிலோ 98 ரூபாய் என்றால் 600-லிருந்து 12 கழித்து 588 என்பார்கள். அது 6(100 − 2). பண்பு அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது, பெயர் மட்டும்தான் புதிது.

இனி படகுக்கு வருவோம். மூன்று படகுகள். ஒவ்வொன்றிலும் க டீசல் கேன், 5 தண்ணீர் கேன். மொத்தம் எத்தனை கேன்? ஒரு படகில் க + 5, ஆக 3(க + 5). டீசலைத் தனியாக எண்ணினால் 3க, தண்ணீரைத் தனியாக எண்ணினால் 15. இப்போது 3க + 5 என்று எழுதிய விடையைப் பலகையில் போட்டு, படகில் என்ன ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். டீசல் மூன்று படகிலும் ஏறிவிட்டது. தண்ணீர் ஒரு படகில் மட்டும். மற்ற இரண்டு படகுக்காரர்கள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கடலுக்குப் போகிறார்கள். கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

உடனே எண் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். க = 4 என்றால் சரியான விடை 27, தவறான விடை 17. க = 10 என்றால் 45, 35. எந்த எண் வைத்தாலும் 10 குறையும். அந்தப் பத்து எது என்று கேட்டால், இரண்டு படகுத் தண்ணீர் என்று அவர்களே சொல்வார்கள். பிழை எங்கே என்று ஆசிரியர் காட்டுவதைவிட, எவ்வளவு, ஏன் என்று பிள்ளையே கண்டுபிடிப்பது மனதில் நிற்கும். சரிபார்ப்பதற்கு 0, 1, 2 வேண்டாம். 0 வைத்தால் (க + 3)² = க² + 9 என்ற தவறும் சரியாகத் தெரியும். 2 × 2, 2 + 2, 2² மூன்றும் 4 என்பதால் 2-ம் ஏமாற்றும்.

ஒரு எச்சரிக்கை. க என்றால் கேன் என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். க என்பது பொருள் இல்லை, எண்ணிக்கை. ‘ஒரு படகில் உள்ள டீசல் கேன்களின் எண்ணிக்கை’ என்று முழுதாக எழுதவையுங்கள். வேறொரு நாள் ம-வை மாறியாக வைத்துக் கணக்குப் போட்டால் அந்தப் பிடிப்பு விட்டுப்போகும்.

15க எழுதுகிறவர்களின் சிக்கல் வேறு. அடைப்புக்குறிக்குள் இருப்பதை முதலில் முடி என்று முந்தைய வகுப்பில் படித்திருக்கிறார்கள். க + 5-ஐ முடிக்க முடியாது. முடித்தாக வேண்டுமே என்று 5க ஆக்கி, 3-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். விதியைக் கடைப்பிடித்ததால் வந்த பிழை அது, திட்டாதீர்கள். டீசல் எத்தனை என்று தெரியாதவரை க + 5 அப்படியேதான் நிற்கும், அதுவே ஒரு விடைதான் என்று சொல்லுங்கள். உள்ளே கூட்ட முடியாதபோதும் வெளியே உள்ளதைப் பெருக்க வழி செய்வதுதான் இந்தப் பண்பு.

3(க × 5)-க்கும் படகு போதும். மூன்று படகு, படகுக்கு க பெட்டி, பெட்டிக்கு 5 மீன். மொத்தம் 15க மீன். 3க × 15 என்று எழுதினால், பெட்டிகளை மும்மடங்காக்கிவிட்டு ஒவ்வொரு பெட்டியிலும் 15 மீனைத் திணித்ததாக ஆகும். 45க. பங்கீடு கூட்டல், கழித்தலுக்கு மட்டும்தான். இரண்டு கணக்கையும் ஒரே நாளில் அக்கம்பக்கமாகப் போடுங்கள். தனித்தனி நாளில் போட்டால் வேற்றுமை தெரியாது.

கழித்தலுக்குக் கடைக்குப் போங்கள். ஒரு நோட்டு க ரூபாய், நோட்டுக்கு 3 ரூபாய் தள்ளுபடி, இரண்டு நோட்டு வாங்கி 100 ரூபாய் கொடுத்தால் மீதி 100 − 2(க − 3). பிள்ளைகள் 100 − 2க − 6 என்பார்கள். தள்ளுபடிப் பணத்தையும் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வருகிறாயா என்று கேளுங்கள். க = 20 என்றால் மீதி 66, அவர்கள் விடையில் 54. எழுதும்போது சில நாள் இரண்டு வரியாக எழுதட்டும்: முதலில் 100 − (2க − 6), அடுத்த வரியில் 100 − 2க + 6. பெருக்குவதையும் குறி மாற்றுவதையும் ஒரே மூச்சில் செய்யும்போதுதான் தவறுகிறார்கள். 98(க − 3) என்று எழுதுகிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் பெருக்கலுக்கு முன்னால் கழித்துவிட்டார்கள்.

எட்டாம் வகுப்புக்கு மட்டும், (க + 3)² வரும்போது மணலில் பாத்தி வரையுங்கள். உப்பளம் பார்த்த பிள்ளைகளுக்கு வரப்பு புரியும். நீளம் க + 3, அகலம் க + 3, உள்ளே குறுக்கும் நெடுக்கும் ஒவ்வொரு வரப்பு. நான்கு பாத்திகள்: க², 3க, 3க, 9. (க + 3)²-ஐ க² + 9 என்று எழுதினால் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு சதுரப் பாத்திகளை மட்டும் எண்ணி, மற்ற இரண்டு நீளப் பாத்திகளை விட்டுவிட்டதாகத் தெரியும்.

3க + 15-ஐ 3(க + 5) ஆக்கும் மறுவழிப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள், அதே நாளில் செய்யுங்கள்.

நாளைக்கு 4(க + 6) = 4க + 6 என்று தவறாகவே பலகையில் எழுதி, எத்தனை படகில் தண்ணீர் இல்லை, எத்தனை கேன் குறைகிறது என்று கேளுங்கள். மூன்று படகு, 18 கேன் என்று சொன்ன பிள்ளையைக் கூப்பிட்டு வரியைத் திருத்தவையுங்கள். அதன்பின் அம்புக்குறி போடலாம்.