பின்னல் நூல் கண்காட்சிக்குப் போகும் வேலூர்க்காரருக்கு
காட்பாடியில் ரயிலேறி பெங்களூரு நூல் கண்காட்சிக்குப் போகிறேன், போன தடவை மாதிரி மூட்டையாக வாங்கி அலமாரியில் அடைக்காமல் இருக்க வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நானும் அதே கேஸ்தான். ஆசையாக மெரினோ கம்பளி வாங்கி வந்தேன், நம்ம ஊர் மே மாத வெயிலில் உள்ளங்கை வேர்த்து, ஊசியில் கண்ணி நகரவே இல்லை. பருத்தி எடுங்கள். சட்டை பின்னுவதாக இருந்தால் எல்லா நூல்கண்டிலும் லேபிளில் டை லாட் எண், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் எண், ஒன்றுதானா என்று பாருங்கள். கடை விளக்கில் ஒரே நீலமாகத் தெரிவது, வீட்டு முற்றத்து வெளிச்சத்தில் முதுகில் பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும். எண் கலந்துபோனால் இரண்டு கண்டையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள், தெரியாது. அப்புறம், பாதி பின்னிய வேலை ஒன்றைப் பையில் வையுங்கள். அதைப் பார்த்து யாராவது பக்கத்தில் வந்து உட்காருவார்கள், எனக்குக் கடைகளைவிட அந்தப் பேச்சுதான் பிடிக்கும்.