மகள் எக்ஸ்ரே, ஸ்கேன் படிப்பு எடுக்கலாமா? ஏஐ பயத்தில் இருக்கும் ஓர் அப்பாவுக்கு

பிளஸ் டூ முடித்த மகளுக்கு பி.எஸ்சி. ரேடியோகிராஃபி படிக்க ஆசை. அப்பாவுக்கோ தூக்கம் போய்விட்டது. "இனி ஸ்கேனை எல்லாம் ஏஐயே பார்த்துவிடும், 2030-க்குள் இந்த வேலையே இருக்காது என்று யூடியூபில் சொல்கிறார்கள். பேசாமல் கடனை வாங்கி மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இதே கேள்வி வேறு வேறு படிப்பின் பெயரில் நிறையப் பேரிடமிருந்து வருவதால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

சார், நீங்கள் யூடியூபில் கேட்டதை 2016-லேயே உங்கள் யூடியூபரைவிடப் பெரிய ஆள் ஒருவர் சொல்லிவிட்டார். ஜெஃப்ரி ஹின்டன். இன்றைய ஏஐக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், 2024-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். ஸ்கேன் படத்தைப் படித்து ரிப்போர்ட் தரும் டாக்டர்களான ரேடியாலஜிஸ்ட்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் கம்ப்யூட்டர் அவர்களை மிஞ்சிவிடும், அதிகம் போனால் பத்து வருடம் ஆகலாம் என்று டொரான்டோவில் ஒரு கூட்டத்தில் பேசினார். அந்த ஐந்து வருடம் 2021-லேயே முடிந்துவிட்டது. ரேடியாலஜிஸ்ட் போதவில்லை என்று பிரிட்டனும் அமெரிக்காவும் இன்னும் புலம்பிக்கொண்டுதான் இருக்கின்றன.

அதற்காக அவர் உளறினார் என்று நினைத்துவிடாதீர்கள். கருவி வரத்தான் செய்தது. மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதித்த ஏஐ மருத்துவக் கருவிகளில் பெரும்பங்கு ரேடியாலஜிக்குத்தான். நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் இருக்கலாமா என்று சலித்தெடுக்கும் மென்பொருளை உலக சுகாதார நிறுவனமே 2021-ல் பரிந்துரைத்தது. கருவியைப் பற்றி அவர் போட்ட கணக்கு ஓரளவு பலித்தது, வேலையைப் பற்றிப் போட்டதுதான் பொய்த்தது. ஏனென்றால் படம் பார்ப்பது அந்த டாக்டரின் வேலையில் ஒரு பகுதி. எந்த ஸ்கேன் தேவை என்று முடிவு செய்வது, ஊசி போட்டுத் திசு எடுப்பது, அறுவை சிகிச்சை செய்பவரோடு பேசுவது, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பது எல்லாம் மிச்சம் இருக்கிறது. அதோடு ஸ்கேன்களின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹின்டன் பேசியது படத்தைப் படிக்கும் எம்.டி. டாக்டரைப் பற்றி. உங்கள் மகள் படிக்கப் போவது படத்தை எடுக்கும் வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் பெற்றோர்தான் அதிகம்.

அருகில் உள்ள அரசு மருத்துவமனை எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு அரை மணி நேரம் நின்று பாருங்கள். இடுப்பெலும்பு முறிந்த பாட்டியை ஸ்ட்ரெச்சரிலிருந்து வலிக்காமல் டேபிளுக்கு மாற்ற வேண்டும். அழும் குழந்தையின் கையை அம்மாவைப் பிடிக்கச் சொல்லி, அந்த அம்மாவுக்குக் கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரன் மாட்டிவிட வேண்டும். அதற்கு முன்னால், கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று அவரிடம் பக்கத்தில் நிற்பவர் காதில் விழாமல் கேட்க வேண்டும். எம்ஆர்ஐ என்றால் அது பெரிய காந்தம், தாலிக்கொடியிலிருந்து பேஸ்மேக்கர் வரை விசாரிக்காமல் உள்ளே விட முடியாது. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொன்னால் பாதிப் பேர் மூச்சை விட்டுவிடுவார்கள், மறுபடி எடுக்க வேண்டும். இதில் எந்தப் பகுதியை எந்த மென்பொருள் எப்போது எடுத்துக்கொள்ளும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்தத் துறையில் எதுவுமே மாறாது என்றும் நான் சொல்லவில்லை. ஃபிலிமை இருட்டறையில் கழுவிக் காயப்போட்ட காலத்தில் டார்க் ரூம் அசிஸ்டென்ட் என்று ஒரு பதவி இருந்தது. டிஜிட்டல் எக்ஸ்ரே வந்ததும் கழுவும் வேலை போய்விட்டது. அதற்கு ஏஐ தேவைப்படவே இல்லை. படமெடுக்கத் தெரிந்தவர்கள் அப்புறம் சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ என்று பழகிக்கொண்டு தொடர்ந்தார்கள்.

பழைய ஜோசியங்களைப் புரட்டினால் இதே கதைதான் திரும்பத் திரும்ப வரும். 1900-ஐ ஒட்டி, 2000-ஆம் ஆண்டு எப்படி இருக்கும் என்று பிரான்சில் சில ஓவியர்கள் வரைந்த அட்டைகள் இணையத்தில் கிடைக்கின்றன, பாருங்கள். ஒன்றில் பள்ளிக்கூடம். ஆசிரியர் புத்தகங்களை ஒரு இயந்திரத்தின் வாயில் போடுகிறார், ஒரு பையன் கைப்பிடியைச் சுற்றுகிறான், ஒயர் வழியாக மாணவர்களின் தலைக்கவசத்துக்குப் பாடம் இறங்குகிறது. 2020-ல் நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்ததை நினைத்தால், வரைந்தவர் பெரிதாகத் தப்பு செய்யவில்லை. ஆனால் அந்த ஆன்லைன் வகுப்பை நடத்திக் காட்டிய செயலி எழுதுபவரோ, செல்போன் டவர் டெக்னீஷியனோ, வீடியோ எடிட்டரோ அந்தப் படத்தில் இல்லை. இயந்திரத்தைக் கற்பனை செய்தவருக்கு, அதைச் சுற்றி முளைக்கப் போகும் வேலைகள் தெரியவில்லை. கைப்பிடி சுற்ற ஒரு பையன் வேண்டும் என்பதுதான் தெரிந்தது!

நம் ஊர் வங்கிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களில் கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று ஊழியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அந்தப் பயம் பாதி நிஜமானது. லெட்ஜர் எழுதும் வேலை போனது, பிற்பாடு மொத்த ஊழியர்களில் கிளார்க்குகளின் பங்கு குறைந்து அதிகாரிகளின் பங்கு கூடியது. ஆனால் வேலையைப் பறிக்கும் என்று பயந்த அதே கம்ப்யூட்டரைப் படிக்கத்தான் அடுத்த தலைமுறை வரிசையில் நின்றது. பொருளாதார மேதை கீன்ஸ், நூறு வருடத்தில் வாரத்துக்கு 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்று 1930-ல் எழுதினார். கெடு 2030. இங்கே இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 2023-ல் வாரத்துக்கு 70 மணி நேரம் கேட்டார்.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஏஐ இல்லை, அந்தக் கடன்தான். செலவு குறைந்த படிப்பில் கணிப்பு தவறினால் பிள்ளை வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம். பெரிய கடன் வாங்கிப் படித்தால், நான்கு வருடம் கழித்து சந்தை நீங்கள் நினைத்தபடியே இருந்தாக வேண்டும். வழக்கமாக ஏழரை லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்க மாட்டார்கள், படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணையும் தொடங்காது. அதனால் இப்போது சுமை தெரியாது. யாரோ சொன்ன 2030-ஐ நம்பி, அதற்கு மேலும் கடன் வாங்க வீட்டுப் பத்திரத்தை வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மகளுக்குக் கணக்கிலும் கோடிங்கிலும் நிஜமாகவே ஆர்வம் இருந்து, கவுன்சலிங்கிலேயே நல்ல கல்லூரி கிடைத்தால் அது வேறு விஷயம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஆர்வம் அந்தப் பக்கம் இல்லை.

ரேடியோகிராஃபி என்றால், மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கவுன்சலிங்கில் முதலில் விண்ணப்பியுங்கள். தனியார் கல்லூரி என்றால் கட்டடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, சிடியும் எம்ஆர்ஐயும் அங்கேயே ஓடுகின்றனவா, படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தில் நடக்கிறது, இன்டர்ன்ஷிப் எங்கே என்று கேளுங்கள். மாணவர்களுக்குக் கதிர்வீச்சு அளவைக் கணக்கிடும் டிஎல்டி பேட்ஜ் கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். இதற்குத் தடுமாறும் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தனியார் ஸ்கேன் சென்டர்களில் தொடக்கச் சம்பளம் குறைவு, நைட் டூட்டி உண்டு, எக்ஸ்ரேயோடு நின்றுவிட்டால் வளர்ச்சியும் மெதுவாகத்தான் இருக்கும். சிடி, எம்ஆர்ஐயில் கை பழகிய பிறகு, அதற்கான தனிப் பயிற்சியும் பெற்றால், கதிர்வீச்சால் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் ரேடியோதெரபி, கதிரியக்க மருந்து கொடுத்துப் படமெடுக்கும் நியூக்ளியர் மெடிசின் பக்கம் போகலாம். மூன்றாம் வருடத்திலிருந்தே ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் பழகட்டும், வெளிநாடு போக நினைத்தால் அங்கே பதிவு பெற அது வேண்டியிருக்கும். ஏஐ மென்பொருள் தப்பாகக் காட்டும் படங்களையும் அவள் பார்த்துப் பழக வேண்டும். அது இருக்கும் மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால் விடாதீர்கள். கல்லூரிகளைப் பார்த்துவிட்டு வந்து பட்டியலை அனுப்புங்கள், மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் மட்டும் அதுவரை கட்டிவிடாதீர்கள்.