கையோடு வந்த கைப்பிடி

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கம், கடலுக்குக் கிட்ட, 18 பேர் இருக்கும் முதியோர் இல்லமொன்றின் பராமரிப்பு வேலைகளைப் பார்க்கிறேன். மலசலகூடத்தில் போன வருடம் பூட்டிய கைப்பிடிகள் ஆடுகின்றன. ஒன்று ஓர் அம்மாவின் கையோடே வந்துவிட்டது. நல்லகாலம், அவர் விழவில்லை. மழை பெய்தால் ட்ரிப் சுவிச் விழுகிறது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் பெயின்ற் அடிக்கக் காசு அனுப்பியிருக்கிறார். மாரிக்கு முதல் எதைச் செய்வது?

பதில்: பெயின்ற்றைத் தள்ளிப் போடுங்கள். ஈரம் ஊறிய சுவரில் அடித்த பெயின்ற் பொருக்குப் பொருக்காக உரிந்துவிடும். மாரி முடிந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு அடிப்பதுதான் அதற்கும் நல்லது. காசு அனுப்பியவருக்கு விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். அவர் பெயரை மலசலகூடக் கதவில் எழுத முடியாதுதான், ஆனாலும் பெரும்பாலும் சம்மதிப்பார்.

முதல் வேலை கைப்பிடி. அது ஏன் கழன்றது என்று கழன்ற ஆணியை எடுத்துப் பார்த்தாலே தெரியும். சாதாரணமாகப் பூட்டுவது இரண்டு அங்குல, அதாவது 50 மில்லிமீற்றர் ஆணி. டைல்ஸ் 8, அதன் பின்னால் சாந்து 12, சுவர்ப் பூச்சு 15 என்று வைத்தால் 35 மில்லிமீற்றர் அங்கேயே போய்விடுகிறது. சீமெந்துக் கல்லுக்குள் இறங்குவது வெறும் 15. அந்தக் கல்லும் உள்ளே பொள்ளல். ஆள் எழும்பும்போது இழுப்பது முழுவதும், ஆணி பிடிக்கத் துளைக்குள் வைக்கும் பிளாஸ்ரிக் ரோல் பிளக்கின் நுனியில் விழுகிறது. கைப்பிடி ஸ்ரெயின்லெஸ் என்றாலும் ஆணி சாதாரண இரும்பாக இருந்தால் கடல்காற்று அதைத் தின்றுவிடும். ஆணித் தலைக்குக் கீழே டைல்ஸில் செம்மண் நிறக் கோடு வழிந்திருந்தால் அந்தக் கைப்பிடியை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். ஆடும் கைப்பிடி இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல், நம்பிப் பிடிக்க மாட்டார்கள்.

சுவரின் மறுபக்கம் கை எட்டுமென்றால் 10 மில்லிமீற்றர் ஸ்ரெயின்லெஸ் கம்பியை மறுபக்கம் வரை விட்டு, அங்கே நான்கு அங்குலச் சதுரத் தகட்டைக் கொடுத்து நட் போட்டு இறுக்குங்கள். ஸ்ரெயின்லெஸ்ஸிலும் தரம் உண்டு, கடலுக்குக் கிட்ட 304 தரத்தைவிட 316 தாங்கும். விலை கூட, ஆனால் மறுபடி மறுபடி மாற்றத் தேவையில்லை. டைல்ஸ் துளைத்து முடியும்வரை ட்ரில்லை ஹாமரில் போடாதீர்கள், வெடிக்கும்.

மறுபக்கம் எட்டாவிட்டால், கைப்பிடி வரும் இடத்தில் டைல்ஸையும் கல்லின் முகத்தையும் உடைத்து, பொள்ளலுக்குள் 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கொங்கிறீற் நிரப்புங்கள். ஏழு நாள் ஈரம் காயவிடாமல் வைத்துப் பிறகு துளையுங்கள். கிட்ட இருக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளிக் கலக்க வேண்டாம். உப்பு இரும்பை அரிக்கும், ஆற்று மணல்தான் வேண்டும்.

உயரத்துக்கு மேசனின் கணக்கு வேண்டாம். இல்லத்தில் ஆகக் கட்டையானவரையும் ஆக உயரமானவரையும் கொமெட்டில் உட்காரவைத்து எழும்பச் சொல்லி, கை தானாகப் போகும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். கைப்பிடிக்கும் சுவருக்கும் இடையில் ஒன்றரை அங்குலம் போதும். அதற்குமேல் விட்டால் முழங்கை வரை உள்ளே போய்ச் சிக்கும். பூட்டி முடிந்ததும் இல்லத்தில் பாரமான ஊழியரைத் தொங்கி இழுக்கச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் விதி கேட்பது 113 கிலோ தாங்கும் பலம். பக்கத்தில் துவாய் போடும் கம்பி இருந்தால் கழற்றி வேறிடத்தில் பூட்டுங்கள், தடுமாறும்போது அதையும் பிடிப்பார்கள்.

தரைக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கேதான் வழுக்கும். வாட்டம் மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றராவது வேண்டும். பளபளப்பு டைல்ஸை மாற்றக் காசில்லாவிட்டால், சவர்க்காரப் படிவைக் கிழமைக்கு ஒருமுறை சுடுதண்ணீரும் சலவைத்தூளும் போட்டு முரட்டுப் பிரஷ்ஷால் உரசிக் கழுவுங்கள். அசிட் கிளீனரையும் பிளீச்சையும் ஒன்றாக ஊற்றக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

ட்ரிப்புக்கு வருவோம். மழைக்கு மட்டும் விழுவதென்றால் வெளியே எங்கோ தண்ணீர் இறங்குகிறது: வாசல் விளக்கு, கிணற்று மோட்டர், மதில் லைற். மழை நாளில் ட்ரிப் இருக்கும் பெட்டியிலுள்ள எல்லாச் சிறு சுவிச்சுகளையும் இறக்கிவிட்டு ட்ரிப்பைத் தூக்கி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. எல்லாம் இறக்கியும் நிற்காவிட்டால் எங்கோ நியூட்ரல் வயர் எர்த் வயரில் முட்டுகிறது, அல்லது ட்ரிப்பே பழுது, வயரிங்காரரைக் கூப்பிடுங்கள். வெளிப் பெட்டிகளில் வயர் மேலிருந்து நுழைந்தால் தண்ணீரும் அதன்வழியே இறங்கும். வயரைக் கீழே வளைத்துக் கீழ்ப்பக்கத்தால் நுழையுங்கள்.

“தொல்லையாக இருக்கு, ட்ரிப்பை டிரெக்டாக்கி விடுவோம்”, அதாவது ட்ரிப் இல்லாமலே கரண்டைக் கொடுப்போம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவரைக் காப்பது, 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டும் அந்தச் சுவிச் ஒன்றுதான். மாதம் பிறந்ததும் அதிலுள்ள ரெஸ்ற் பட்டனைப் பகலில் ஒருமுறை அழுத்துங்கள். காற்றுமெத்தை, ஒட்சிசன் மெசின் பாவிப்பவர்களின் அறையில் முதலே சொல்லிவையுங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.