முதல் பிக் செட்டில் எது வேண்டும், எது வேண்டாம்? – வாசகர் கேள்வி பதில்

பூட்டைச் சாவியில்லாமல் திறக்கப் பழகுவதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை கருவி வாங்குவதைப் பற்றியவை. பூட்டுக்குள் விட்டு, ‘பின்’ எனப்படும் சிறு உலோகக் குச்சிகளைத் தூக்கும் மெல்லிய தகட்டுக் கருவிதான் பிக். பூட்டின் உருளையை லேசாகத் திருப்பிப் பிடிக்கும் கம்பி டென்ஷன் ரெஞ்ச். பலருக்கும் உதவக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கோயம்புத்தூர் வாசகர்: 24 துண்டு கொண்ட பிக் செட், உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் பூட்டோடு சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது. நல்ல கருவிகளை நான்கைந்து மட்டும் தனித்தனியாக வாங்கினாலும் அதே விலை வருகிறது. எது நல்லது?

நான்கைந்தை வாங்குவதுதான் நல்லது. பெரிய செட்டில் ஒரே வேலையைச் செய்யும் ரேக்குகளும் (முன்னும் பின்னும் ஆட்டிப் பல பின்களை ஒன்றாக அசைக்கும் பிக்குகள்) உருண்டை முனைகளும்தான் எண்ணிக்கையை நிரப்புகின்றன. தகட்டை அச்சில் வெட்டி அப்படியே பைக்குள் போட்டு அனுப்பிவிடுவதால் ஓரமெல்லாம் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறு பூட்டின் பித்தளையில் உரசும்போது வரும் அதிர்வை, பின் ஒன்று நகர்ந்த அதிர்வு என்று விரல் எடுத்துக்கொள்ளும். பழக ஆரம்பிக்கிறவருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

எங்கள் பரிந்துரை: முனை சற்றே மேல்நோக்கி வளைந்த ஷார்ட் ஹூக் ஒன்று, அதைவிடச் சற்று உயரமான மீடியம் ஹூக் ஒன்று, முக்கோண முனை கொண்ட ஹாஃப் டைமண்ட் ஒன்று, ரேக் ஒன்று, டென்ஷன் ரெஞ்ச் மூன்று. முக்கால்வாசி நேரம் உங்கள் கையில் ஷார்ட் ஹூக்தான் இருக்கும். பின்களை ஒவ்வொன்றாகத் தேடித் தூக்க அதுவே போதும். ஹாஃப் டைமண்ட் மேசை டிராயர், அலுவலக அலமாரி ஆகியவற்றில் வரும், பின்களுக்குப் பதில் மெல்லிய தகடுகள் கொண்ட வேஃபர் பூட்டுக்கு உதவும். ரேக்கில் மூன்று மேடு கொண்ட போகோட்டா வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். மலிவுப் பூட்டுகள் அதற்குச் சில நொடிகளில் திறந்துவிடும். ஆனால் ரேக்கை மட்டுமே ஆட்டிக்கொண்டிருந்தால் உள்ளே எந்தப் பின் என்ன செய்கிறது என்பது கடைசிவரை தெரியாது. முதல் மாதம் அதை எடுக்காமலே இருப்பது நல்லது.

மீடியம் ஹூக் எப்போது வேண்டும் என்பதைப் பூட்டின் சாவியே சொல்லும். சாவியில் ஆழமான பள்ளம் இருக்கும் இடத்தில் பூட்டுக்குள் நீளமான பின் இருக்கும், அதைக் கொஞ்சம் தூக்கினால் போதும். மேடான இடத்தில் குட்டைப் பின் இருக்கும், அதை நிறையத் தூக்க வேண்டும். சாவித் துவாரத்தின் வாய்ப்பக்கம் பள்ளமும் அதற்கு அடுத்து மேடும் வந்தால், பின்னால் உள்ள குட்டைப் பின்னைத் தூக்கும்போது ஷார்ட் ஹூக்கின் தண்டு முன்னால் உள்ள நீளப் பின்னையும் அளவுக்கு மேல் தள்ளிவிடும். அங்கேதான் உயரமான ஹூக் தேவைப்படும். சாவியில் மேடு பள்ளம் பெரிதாக இல்லாத பூட்டுக்கு ஷார்ட் ஹூக்கே போதும்.

சென்னை வாசகர்: பின்களைத் தூக்குகிறேன், ‘க்ளிக்’ என்று கேட்கிறது, ஆனால் பூட்டு திறப்பதில்லை. செட்டோடு வந்த எல் வடிவக் கம்பியைத்தான் டென்ஷனுக்குப் பயன்படுத்துகிறேன். வேறு பிக் வாங்க வேண்டுமா?

பிக்கை விடுங்கள், கம்பியை மாற்றுங்கள். செட் வாங்குகிற எல்லாரும் பிக்கின் முனையையே பார்க்கிறார்கள். பூட்டைத் திறப்பதில் பாதிக்கு மேல் வேலை டென்ஷன் ரெஞ்சுடையது.

பின் பூட்டில், சாவியோடு சேர்ந்து சுற்றும் உருளைக்கு மேலே நான்கிலிருந்து ஆறு துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் கீழ்ப் பின், மேல் பின், அதற்கு மேல் ஸ்பிரிங். மேல் பின் உருளைக்கும் பூட்டின் உடலுக்கும் குறுக்கே நிற்பதால்தான் உருளை சுற்றுவதில்லை. எந்தத் தொழிற்சாலையிலும் இந்தத் துளைகள் ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை, நூலிழை அளவுக்கேனும் விலகியிருக்கும். எனவே உருளையை லேசாகத் திருப்பினால் ஏதாவது ஒரு பின் மட்டும் முதலில் இறுகும். அதைத் தூக்கி மேல் பின் உருளைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டைத் தாண்டியதும் உருளை மயிரிழை நகர்ந்து, மேல் பின் திரும்ப இறங்காமல் தாங்கிக்கொள்ளும். பிறகு அடுத்த பின் இறுகும். அழுத்தம் கூடினால் இரண்டு மூன்று பின்கள் சேர்ந்து இறுகிவிடும், எது முதலாவது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அந்த நிலையில் தூக்கினால் கீழ்ப் பின்னே கோட்டைத் தாண்டி மாட்டிக்கொள்ளும். நீங்கள் கேட்கும் ‘க்ளிக்’ பெரும்பாலும் இதுதான். டென்ஷனை முழுக்க விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ரெஞ்சை அழுத்தும் விரலின் நகத்தைப் பாருங்கள். நகத்தடி வெளுத்தால் அழுத்தம் அதிகம்.

இனி கம்பி. செட்டோடு வருவது சாவித் துவாரத்தில், பின்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும். பிக் நுழைய வேண்டிய இடத்தில் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும். பின்கள் இருக்கும் பக்கத்து வாயில், முதல் பின்னுக்கு முன்னால் உள்ள சிறு இடத்தில் செருகும் தட்டை ரெஞ்ச் வாங்குங்கள். கடைகளில் டி.ஓ.கே. (டாப் ஆஃப் கீவே) என்று விற்பார்கள். 1 மி.மீ. தடிமனில் ஒன்று, 1.3 மி.மீ. அளவில் ஒன்று இருந்தால் பெரும்பாலான பித்தளைப் பூட்டுகளுக்குப் பொருந்தும். மூன்றாவதாகப் பழைய எல் வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள், சில குறுகிய துவாரங்களில் அதுதான் நிற்கும். ரெஞ்ச் ஆடாமல் சிக்கென்று உட்கார வேண்டும், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகக் கூடாது. ஆழமாகப் போனால் முதல் பின்னை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மற்ற எல்லாப் பின்னும் அமைந்தாலும் பூட்டு திறக்காது. நுனி நீளமாக இருந்தால் அரத்தால் ராவிக் குறைத்துவிடுங்கள்.

திருச்சி வாசகர்: 0.015, 0.018, 0.025 என்று பிக்குகளுக்கு அளவு போட்டிருக்கிறார்கள். எது எல்லாவற்றுக்கும் பொருந்தும்?

அவை தகட்டின் தடிமன், அங்குலக் கணக்கில். 0.025 என்பது ஏறக்குறைய 0.64 மி.மீ., 0.018 என்பது 0.46 மி.மீ., 0.015 என்பது 0.38 மி.மீ. நம் ஊர்ப் பித்தளைப் பூட்டுகளின் துவாரம் பெரும்பாலும் அகலமானது. அதில் 0.025 வளையாமல் நிற்கும், தவறாக அழுத்தினாலும் எளிதில் ஒடியாது. முதல் ஹூக் அந்த அளவில் இருக்கட்டும். ஐரோப்பிய வகைக் கதவு சிலிண்டர்களில் துவாரம் பாம்பு போல நெளிந்திருக்கும், அங்கே 0.025 பக்கவாட்டில் சிக்கும். அதற்கு 0.018 அளவில் ஷார்ட் ஹூக் ஒன்றைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். 0.015 கைப்பக்குவம் வந்த பிறகு போதும்.

உலோகத்தில் 301 அல்லது 420 ரக ஸ்டெயின்லெஸ் இருந்தால் திருப்தியாக வாங்கலாம். வெறும் ஸ்பிரிங் ஸ்டீலும் நன்றாகத்தான் வேலை செய்யும், ஆனால் கடலோர ஊர்களில் கை வியர்வை பட்டு அப்படியே வைத்தால் சீக்கிரம் துரு ஏறும். பிடியின் அழகுக்குக் காசு கொடுக்காதீர்கள். தடித்த ரப்பர் பிடி பின்னின் அசைவை விழுங்கிவிடும்.

எந்தக் கருவி வந்தாலும் முதல் வேலை தேய்ப்பது. 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000, கடைசியில் 2000 என்று போங்கள். தண்டின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். ஓரத்தை மழுக்கினால் போதும், முனையின் வடிவம் மாறக் கூடாது. நகத்தின் மேல் இழுத்தால் கீறாமல் வழுக்க வேண்டும்.

மதுரை வாசகர்: வீட்டில் கிடந்த திண்டுக்கல் பூட்டில் ஒரு வாரமாக முயல்கிறேன். பின்னே தட்டுப்படவில்லை. என் கருவி மோசமா?

அந்தப் பூட்டில் பின்னே கிடையாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு லீவர் வகை. உருண்டைத் தண்டின் நுனியில் கொடி போல் பல் வைத்த சாவி இருந்தால் அது பெரும்பாலும் லீவர் பூட்டு. கடையில் விற்கும் பூட்டின் அட்டையில் ‘6 லீவர்’, ‘7 லீவர்’ என்று அச்சிட்டிருந்தாலும் அதே வகைதான். உள்ளே தகடுகள் அடுக்காக நிற்கும். ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குச் சரியாகத் தூக்கினால்தான் தாழ்ப்பாள் நகர வழி பிறக்கும், கூடினாலும் குறைந்தாலும் மறிக்கும். இங்கே சுற்றும் உருளை இல்லாததால் டென்ஷனைத் தாழ்ப்பாள் மேலேயே கொடுக்க வேண்டும். தாழ்ப்பாளைத் தள்ள ஒரு கம்பி, தகட்டைத் தூக்க இன்னொரு கம்பி என்று இரண்டும் சேர்ந்த தனிக் கருவி இதற்கு இருக்கிறது. உங்கள் ஹூக் இந்த வேலைக்கு ஆகாது.

பல பயன் தரும் செட் என்று நாம் பேசுவதெல்லாம் பின் பூட்டுக்கும் வேஃபர் பூட்டுக்கும் மட்டும்தான். சாவியின் தட்டைப் பக்கத்தில் குழிகள் இருந்தால் அது டிம்பிள் பூட்டு, அதற்குக் கொடி வடிவப் பிக் வேண்டும். 1907-இல் பின்லாந்தில் எமில் ஹென்ரிக்சன் கண்டுபிடித்த சுழல்தட்டுப் பூட்டில் ஸ்பிரிங்கே இல்லை, அதற்கும் தனிக் கருவிதான். பழக வேண்டுமென்றால் ஒரு பக்கம் மட்டும் ரம்பப் பல் போல் வெட்டிய தட்டைச் சாவியோடு வரும் 40 மி.மீ. பித்தளைப் பூட்டாகப் பார்த்து வாங்குங்கள். துவாரத்துக்குள் டார்ச் அடித்தால் முதல் பின்னின் முனை மின்ன வேண்டும்.

சேலம் வாசகர்: கண்ணாடிப் பூட்டு உடனே திறந்துவிடுகிறது, பித்தளைப் பூட்டு அசைவதே இல்லை. ஏன்?

கண்ணாடிப் பூட்டின் துளைகள் பெரியவை, பின்கள் தளர்வானவை. எப்படித் தூக்கினாலும் அமைந்துவிடும். அதோடு விரல் செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்துவிடுகிறது. பின் எப்படி அமைகிறது என்று பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு மணி நேரம் போதும், பிறகு அதை மூடி வையுங்கள். பித்தளைப் பூட்டை வைஸில் பிடித்து, பிக்கைப் பேனா பிடிப்பது போல் பிடித்துக் கடைசிப் பின்னிலிருந்து வாய் நோக்கி ஒவ்வொன்றாகத் தொட்டு வாருங்கள். ஸ்பிரிங் போல் துள்ளினால் விட்டுவிடுங்கள். கல் போல் நிற்பதை மட்டும் தூக்குங்கள்.

உருளை வழக்கத்தைவிட நன்றாகவே திரும்பிவிட்டு அப்படியே நின்றுவிட்டால், இடை ஒடுங்கிய ஸ்பூல் பின் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பாருங்கள். எதைத் தொடும்போது ரெஞ்ச் விரலை எதிர்த்துத் திரும்பத் தள்ளுகிறதோ அதுதான் ஸ்பூல். டென்ஷனைத் தளர்த்தி, அது பின்வாங்க இடம் கொடுத்துக்கொண்டே தூக்க வேண்டும். இடையில் அமைந்திருந்த வேறொரு பின் கீழே விழலாம், அதை மறுபடி அமைத்துக்கொள்ளலாம்.

ஈரோடு வாசகர்: வெளிநாட்டுக் கருவி விலை கட்டுப்படியாகவில்லை. ஹாக்ஸா பிளேடில் செய்துகொள்ளலாமா?

தாராளமாக. சாதாரணக் கை ஹாக்ஸா பிளேடின் தடிமனே 0.025 அங்குலம்தான். வளையும் ரகமாக வாங்குங்கள். முழுக்கக் கடினமாக்கிய பிளேடு கிளாஸ் போல் ஒடியும். பல்லை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, சாவி துவாரத்துக்குள் எவ்வளவு உயரம் போகிறது என்று அளந்து அதற்குள் தண்டை அடக்குங்கள். கிரைண்டரில் பிடிக்கும்போது இரண்டு நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்க வேண்டும். உலோகம் நீலமாக மாறினால் அந்த இடம் பதம் இழந்துவிட்டது, பிறகு வளைந்துகொண்டே இருக்கும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கிரைண்டர் பக்கம் போகாதீர்கள்.

டென்ஷன் ரெஞ்சுக்குப் பழைய கார் வைப்பரின் ரப்பரை ஒட்டி வரும் ஸ்டெயின்லெஸ் பட்டை அருமையானது. குறட்டில் பிடித்து மெதுவாக, சற்று உருண்ட மூலையாக வளையுங்கள். கூர்மையாக மடக்கினால் மடிப்பிலேயே விரிசல் விடும்.

தஞ்சாவூர் வாசகி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் இந்தச் செட் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான், அம்மா. இந்தப் பொழுதுபோக்கில் உள்ளவர்கள் உலகெங்கும் இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்கிறார்கள்: உனக்குச் சொந்தமில்லாத பூட்டை உரியவர் அனுமதியில்லாமல் தொடாதே, பயன்பாட்டில் இருக்கும் பூட்டில் பழகாதே. இவ்விரண்டையும் அவன் ஏற்றுக்கொண்டால் வாங்கிக் கொடுங்கள். பொறியியலில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இது நல்ல பாடம். 1851-இல் லண்டன் பொருட்காட்சிக் காலத்தில் ஏ.சி. ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், திறக்கவே முடியாது என்று பெயர் வாங்கியிருந்த பிராமா பூட்டை 16 நாட்களில் 51 மணி நேரம் செலவிட்டு எல்லாருக்கும் தெரியவே திறந்து 200 கினி (பழைய பிரிட்டிஷ் நாணயம்) பரிசு வாங்கினார். பூட்டின் குறைகள் அப்படி வெளியில் வருவதால்தான் அடுத்த பூட்டு நன்றாக வருகிறது.

கருவியைப் பள்ளிக்கும் வெளியிடங்களுக்கும் எடுத்துப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் தகுந்த காரணமின்றி இத்தகைய கருவிகளை வைத்திருப்பதே 2003-இல் வந்த சட்டப்படி குற்றம்.

திருநெல்வேலி வாசகர்: வாசற்கதவுப் பூட்டு என் சொந்தப் பூட்டுத்தானே, அதில் பழகினால் என்ன?

சொந்தமாக இருந்தாலும் அது பயன்பாட்டில் இருக்கிறது. பிக்கின் முனை உள்ளே ஒடிந்தால் அன்றிரவு கதவைப் பூட்ட முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. சாவியில்லாமல் உருளையை அரைவட்டம் சுற்றினால், சாவித் துவாரத்தின் மறுபக்கம் பின் துளைகளுக்கு நேராக வந்து நிற்கும். அந்தப் பக்கம் திறந்திருந்தால் மேல் பின்கள் ஸ்பிரிங் வேகத்தில் துவாரத்துக்குள் இறங்கிவிடும். உருளை முன்னுமில்லை பின்னுமில்லை, சாவியும் நுழையாது. மெல்லிய தட்டைப் பட்டை ஒன்றை உள்ளே விட்டு, இறங்கிய பின்களை ஒரே மட்டமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு உருளையைத் திருப்ப வேண்டும். பழகும் பூட்டில் நடந்தால் நிதானமாகச் செய்யலாம்.

பழகும் பூட்டில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசியோடு சேர்ந்து பிசினாகி ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும், தளர்வான பின்னும் இறுகியது போலவே தெரியும். ஏற்கெனவே விட்டிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சாவியைப் பலமுறை நுழைத்து எடுத்துக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்ததும் கிராஃபைட் தூள் கொஞ்சம் தூவினால் போதும். அதன்மேல் மறுபடி எண்ணெய் விட்டால் இரண்டும் கலந்து சேறாகிவிடும்.