பேய்க்கு ஒரு வழக்கு வேண்டும்: வாசகர் கேள்வி – பதில்

நம் ரெயூனியன் தீவில், சேன்-தெனி கடைகளில் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் தொங்க ஆரம்பித்ததுமே எனக்கு வரும் கேள்விகளும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. அக்டோபர் 31ஆம் தேதி, ஹாலோவீன் என்னும் பேய்க் கொண்டாட்ட ராத்திரி என்ன படம் பார்ப்பது என்பதுதான் எல்லாருக்கும் கவலை. சரி, இந்த முறை முழுக்கப் பேய்தான். பயப்படுகிறவர்கள் சமையல் பக்கத்துக்குப் போய்விடலாம்.

அக்கா, லிசேயில் (மேல்நிலைப் பள்ளியில்) படிக்கும் என் மகன் ஹாலோவீன் இரவுக்குக் கூட்டாளிகளை வீட்டுக்கு அழைத்திருக்கிறான். பாதிப் பேருக்குத் தமிழ் புரியாது. இருந்தாலும் ஒரு தமிழ்ப் படம் போட்டுக் காட்ட ஆசை. நடுவில் குத்துப்பாட்டு வந்து மானத்தை வாங்காத படமாகச் சொல்லுங்கள்.
– ஒரு தாய், சேன்-ஆந்த்ரே

'யாவரும் நலம்'. யோசிக்கவே வேண்டாம். 2009இல் வந்த படம். விக்ரம் குமார் இயக்கம், பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு, மாதவன் கதாநாயகன். ஒரு கூட்டுக் குடும்பம் புது அடுக்குமாடி வீட்டில் குடியேறுகிறது. 13ஆவது மாடி, கதவு எண் 13பி. வீட்டுப் பெண்கள் மத்தியானம் 1 மணிக்கு டிவியில் ஒரு தொடர் பார்க்கிறார்கள். அந்தத் தொடரில் வரும் குடும்பத்துக்கு என்னென்ன நடக்கிறதோ, அதெல்லாம் இவர்கள் வீட்டிலும் நடக்கிறது.

வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல் என்று எதையும் நம்பி எடுத்த படம் இல்லை இது. காய்ச்சிய பால் திரிகிறது. லிப்ட் ஊருக்கெல்லாம் ஓடுகிறது, மாதவன் தனியாக ஏறினால் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. செல்போனில் தன் முகத்தைப் படம் எடுக்கிறார். வீட்டுக்கு வெளியே எடுத்தால் சரியாக வருகிறது, உள்ளே எடுத்தால் கோணிக்கொள்கிறது. வாசற்படிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறி நின்று அவர் அதைச் சோதித்துப் பார்க்கும் இடத்தில் பசங்களின் முகத்தைப் பாருங்கள். பால் திரிந்தால் யாராவது பேயை நினைப்போமா? காரைக்காலில் என் அம்மா பால்காரரைத்தான் திட்டுவார். அப்படி நாம் சாதாரணமாக விட்டுவிடும் விஷயத்தில்தான் இந்தப் படம் கை வைக்கிறது.

மொழி பற்றிக் கவலைப்படாதீர்கள். என் மாமியாருக்குச் சாமி பாட்டு தமிழில் வரும், பேச்சு முழுக்கத் தீவு மொழியான கிரியோல்தான். அவரே சப்டைட்டிலைப் பாதி படித்தும் பாதி விட்டும் கடைசிவரை பார்த்தார். டிவி தொடர் பைத்தியம் என்றால் என்னவென்று மாமியார்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த படத்துக்கும் தெம்பு இருந்தால் கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' (2012). முன்பே பார்த்த பையன் எவனாவது இருந்தால் அவனை வேறு அறையில் உட்கார வையுங்கள்.

ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' பார்க்காமல் ஹாலோவீனா? ஆனால் படத்தில் குளிர், உதிரும் இலை என்று இருக்கிறது. நம் ஊர் அக்டோபரில் அந்த உணர்வே வரமாட்டேன் என்கிறதே?
– கல்லூரி மாணவர், லெ தாம்போன்

மேட்டுப் பகுதியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருக்கும் நீங்களே இப்படிச் சொன்னால், கடலோரத்தில் வேர்த்துக்கொண்டு இருக்கும் நாங்கள் என்ன சொல்வது!

ஆறுதலுக்கு ஒரு சேதி. அந்தப் படத்திலும் குளிர் கிடையாது. 1978இல் வசந்த காலத்தில், கலிபோர்னியாவில் எடுத்தார்கள். காகிதத்தை இலையாக வெட்டி, பழுப்புச் சாயம் பூசி, தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் பொறுக்கி மூட்டை கட்டி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார்கள். பூசணிக்காய்க்கும் அது பருவம் இல்லை, தேடித்தான் பிடித்தார்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் நமக்கும் இப்போது வசந்த காலம்தான். அந்தப் படத்தை எடுத்த பருவத்திலேயே பார்க்கிறவர்கள் நாம்தான் என்று மார்தட்டிக்கொள்ளலாம்.

கொலைகாரனின் வெள்ளை முகமூடி, 'ஸ்டார் டிரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகமூடியை வாங்கி வெள்ளை அடித்தது. கையில் காசு இல்லாமல் எடுத்த படம். பியானோ இசையையும் இயக்குநரே போட்டுக்கொண்டார். அது ஐந்து ஐந்தாக எண்ணும் தாளம், நம் மேளக்காரர்கள் கண்டம் என்பார்கள். நாலு எண்ணிப் பழகிய காலுக்கு எங்கோ தடுக்கிக்கொண்டே இருக்கும்.

எனக்கு அந்தப் படம் பிடிக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பேய்க்கு ஒரு வழக்கு இருக்க வேண்டும் என்பது என் கட்சி. என்னைக் கொன்றான், என் நிலத்தைப் பிடுங்கினான், என் பிள்ளையைக் கெடுத்தான் என்று ஒரு புகார். நம் பேய்கள் நியாயம் கேட்டுத்தான் வரும், கிடைத்தால் போய்விடும். 'ஹாலோவீன்' கொலைகாரன் மைக்கேல் மையர்ஸுக்கு வழக்கே இல்லை. பேசி அனுப்ப முடியாது, கற்பூரம் ஏற்றி அனுப்ப முடியாது. அதனால் அவனை எனக்குப் பிடிக்காது. ஆனால் ராத்திரி படுக்கையை விட்டு எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் பார்க்க வைத்ததும் அவன்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

'சந்திரமுகி' பேய்ப்படமா, இல்லையா? வீட்டில் பெரிய சண்டை.
– கணவன் மனைவி, லெ போர்

பேய் கிடையாது. ஜோதிகாவுக்கு மனநோய், அவ்வளவுதான். மலையாளத்தில் 1993இல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' கன்னடம் வழியாக 2005இல் ரஜினியிடம் வந்து சேர்ந்தது. இல்லை என்று வாதாடியவர் ஜெயித்தார். தோற்றவர் பாத்திரம் கழுவட்டும்.

இப்போதெல்லாம் தமிழ்ப் பேய் ஏன் சிரிக்க வைக்கிறது?
– சேன்-பெனுவா வாசகர்

காசு வருகிறது, அதனால்தான். லாரன்ஸின் 'முனி' (2007) ஓடியது, 'காஞ்சனா' (2011) பிய்த்துக்கொண்டு ஓடியது, அப்புறம் எல்லாப் பேயும் காமெடி நடிகர்களைத் துரத்த ஆரம்பித்தது. ஆனால் 'காஞ்சனா'வை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். சரத்குமார் திருநங்கையாக வரும் பகுதியில் சிரிப்பு நின்றுபோகிறது. பேய்க்கு அங்கே உண்மையான வழக்கு இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்களுக்குப் பேய்ப்படம் எடுக்க வராது என்கிறார் என் கணவர். அவரை மடக்க ஒரு படம்?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, சேன்-போல்

'லே தியாபோலிக்', 1955, ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ இயக்கியது. கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பள்ளிக்கூடம், அதன் கொடுமைக்கார முதல்வர், அவர் மனைவி, அவரது ஆசைநாயகி. பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஆளைத் தீர்த்துக்கட்டி, பள்ளியின் பாசி பிடித்த நீச்சல் குளத்தில் போடுகிறார்கள். தண்ணீரை இறைத்தால் உள்ளே பிணம் இல்லை. சலவைக்குப் போன அவர் கோட்டு மட்டும் வீடு தேடி வருகிறது.

இதற்கு மேல் நான் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் திரையில் ஒரு வேண்டுகோள் வரும், முடிவை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று. 'சைக்கோ' வருவதற்கு 5 வருஷம் முன்னாலேயே குளியலறையைப் பார்த்துப் பயப்பட வைத்துவிட்ட படம். படம் முடிந்ததும் உங்கள் வீட்டுக்காரரைத் தனியாகப் போய்க் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

உலகப் பேய்ப்படங்களில் நம் ஆள் யாராவது உண்டா?
– சேன்-ஆந்த்ரே வாசகர்

'சிக்ஸ்த் சென்ஸ்' (1999) எடுத்த ஷியாமளன் பிறந்தது மாஹேயில். எங்கள் காரைக்காலைப் போல அதுவும் ஒரு காலத்தில் பிரெஞ்சு ஊர்தான். செத்தவர்கள் அந்தச் சின்னப் பையனிடம் வருவதும் ஏதோ ஒரு குறையோடுதான், கவனித்தீர்களா? என் கட்சிக்கு இன்னொரு ஓட்டு.

எனக்கு 9 வயசு. பயமா இருக்கணும், ஆனா அம்மா வேண்டாம்னு சொல்லக் கூடாது.
– லா பொசெஸியோன்

'கோரலின்' (2009). பொம்மைகளைத் துளித்துளியாக நகர்த்தி எடுத்த படம். வீட்டுச் சுவரில் ஒரு குட்டிக் கதவு, அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு அம்மா. நன்றாகச் சமைத்துப் போடுவாள், கேட்டதெல்லாம் கொடுப்பாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பொத்தான் தைத்திருக்கும். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். டிவி மூலையில் வட்டத்துக்குள் 10, 12, 16 என்று ஏதாவது எண் தெரிந்தால், அந்த வயசு ஆகாதவர்களுக்கு இல்லை என்று அர்த்தம். உனக்கு 10 கூட இன்னும் ஆகவில்லை, தெரியும்தானே?

நம் தீவுப் பேய்களை வைத்து ஒரு படம் எடுத்தால் யாரை எடுக்கலாம்? சிதரான் கல்லறைக்கு ஹாலோவீன் ராத்திரி போக நண்பர்கள் கூப்பிடுகிறார்கள், போகலாமா?
– இளைஞர், சேன்-பியேர்

முதலில் கல்லறை. போக வேண்டாம். சிதரான் மொசாம்பிக்கில் இருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவர். நம் முன்னோர் கப்பலேறியதும் ஒப்பந்தத்தில்தான். கொள்ளை, கொலை என்று ஊரை நடுங்க வைத்து, 1911 ஜூனில் உங்கள் ஊரிலேயே கில்லட்டினில் தலை போனது. இன்றும் அந்தச் சமாதியில் ரம்மும் சிகரெட்டும் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு இல்லை. மறுநாள் நவம்பர் 1, துசேன் என்னும் புனிதர் அனைவர் திருநாள். அவரவர் வீட்டுக் கல்லறைக்குப் பூ எடுத்துக்கொண்டு வரும் குடும்பங்கள் நீங்கள் விட்டுப்போன பீர் டப்பாக்களைப் பொறுக்க வேண்டுமா?

படம் எடுப்பதென்றால் என் ஓட்டு 'கிரான்மேர் கால்' என்னும் கிழவிப் பேய்க்கு. பள்ளிக்கூடத்தில் அவளிடம் மணி என்னவென்று கேட்டுக் கேட்டு, கடைசியில் விழுந்தடித்து ஓடும் விளையாட்டை இங்கே ஆடாத பிள்ளை ஏது? அவள் வேறு யாருமில்லை, அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்திய மதாம் தெபாசேன்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த அம்மாள் 1846இல் செத்தார், அடிமைமுறை 1848இல் ஒழிந்தது. எரிமலை பொங்கும்போதெல்லாம் உள்ளே எரிவது அவர்தான் என்பது கிழவிகள் சொல்லும் கதை. மற்ற பேய்கள் வழக்குப் போட வரும். இந்தப் பேயின் மேல்தான் வழக்கு. எவ்வளவு நல்ல கதை பாருங்கள்! யாராவது எடுங்களேன்.

துசேன் சமயத்தில் சம்ப்ளானி (முன்னோர் படையல்) போடும் வீட்டில் பேய்ப்படம் பார்க்கலாமா? மாமியார் கூடாது என்கிறார்.
– சேன்-லூயி வாசகி

மாமியார் கூடாது என்றால் கூடாது. ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், படம் எங்கேயும் ஓடிப்போகாது.

எங்கள் வீட்டில் மாமனார் போட்டோவுக்கு முன்னால் வாழை இலை போட்டு, அவருக்குப் பிடித்த ஆட்டுக்கறி, பக்கத்தில் சின்னக் கிளாஸில் ரம், பற்றவைத்த சிகரெட் ஒன்று. சாம்பிராணி காட்டியதும் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவோம். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று பேரப்பிள்ளைகள்கூடச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கும் துளி பயம் கிடையாது. எங்கள் மேல் அவருக்கு வழக்கு எதுவும் இல்லை என்றுதான் நம்புகிறோம்.

படத்துக்கு நொறுக்க என்ன? பாப்கார்னா, சமோசாவா?
– பெயர் போடாதவர்

பொன்பொன் பிமான். நம் பருப்பு வடையின் தங்கச்சி. எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்த பிறகுதான் படத்தைப் போட வேண்டும். திடுக்கிடும் கைக்குப் பக்கத்தில் கொதிக்கும் எண்ணெய் இருக்கக் கூடாது.