அம்மாவுக்குத் தேதி தெரியவில்லை

கேள்வி: எங்களுக்குச் சாத்தான்குளம் பக்கத்துக் கிராமம். அம்மாவுக்கு 79 வயது. இடுப்பு எலும்பு முறிந்து சில மாதங்களாகப் படுக்கையில் இருக்கிறார்கள். சமைக்கும்போதெல்லாம் சபைக்கென்று எடுத்து வைக்கிற கைப்பிடி அரிசி, சங்கக் காணிக்கை, லெந்து நாள் உபவாசம், சபை விருந்தான அசனத்துக்குக் காய் நறுக்குவது என்று வாழ்நாள் முழுக்க எதிலும் குறை வைக்காதவர்கள். இப்போதும் சோறு வடிக்கும் நேரத்தில் கட்டிலில் இருந்தபடியே, "அரிசி எடுத்து வச்சிட்டியா?" என்று கேட்பார்கள். என் தம்பி குடியில் கிடந்தவன். போன வருஷம் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் மனந்திரும்பினான், குடியை விட்டுவிட்டான். ஆனால் அம்மாவிடம் வந்து, "கைப்பிடி அரிசி மோட்சத்துக்குக் கொண்டுபோகாது. விசுவாசத்தினாலதான் இரட்சிப்பு. நீங்க எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்க?" என்று கேட்டுவிட்டான். அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து ராத்திரியில் தூங்குவதில்லை. "ஆண்டவர் கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்" என்று அழுகிறார்கள். "நீங்க எவ்வளவு செஞ்சிருக்கீங்க, உங்களுக்கு என்ன பயம்?" என்று நான் தேற்றினால் அழுகை கூடுகிறது. மருந்துச் செலவுக்குத் தம்பி ஒன்றும் தருவதில்லை. கேட்டால், "அதெல்லாம் கிரியை. நீ ஆர்.சி. மாதிரி பேசுறே" என்று, கத்தோலிக்கரைப் போல நான் நற்செயலை நம்புகிறவள் ஆக்கிவிடுகிறான். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிற யாக்கோபு நிருபத்தைக் காட்டினால், "அது வேற" என்கிறான். யார் சொல்வது சரி? அம்மாவுக்கு நான் என்ன சொல்லட்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

தம்பி சொன்ன உபதேசம் சரியானது. அதை முதலில் ஒத்துக்கொள்வோம். அவனோடு மல்லுக்கு நிற்கிற வேகத்தில் நாம் சுவிசேஷத்தையே விட்டுக்கொடுத்துவிடக் கூடாது. கைப்பிடி அரிசி யாரையும் மோட்சத்துக்குக் கொண்டுபோகாது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று எபேசியர் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. இது கன்வென்ஷன் மேடையில் புதிதாகப் பிறந்த போதனையும் இல்லை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயர் லூத்தரன் சபையில் வளர்ந்தவர். அவருக்குப் பின் இந்தப் பக்கம் ஊழியம் செய்த ஆங்கிலிக்கன் மிஷனெரிகளுக்கு இங்கிலாந்து சபையின் 39 பிரமாணங்கள் இருந்தன. அதில் 11ஆவது பிரமாணம், நம்முடைய கிரியைகளுக்காக அல்ல, கிறிஸ்துவின் புண்ணியத்துக்காகவே, விசுவாசத்தினால் தேவனுக்கு முன் நீதிமான்களாக எண்ணப்படுகிறோம் என்கிறது. அதோடு நிற்காமல், இது ஆறுதல் மிகுந்த போதனை என்றும் சேர்த்துச் சொல்கிறது.

அந்த ஆறுதலைத்தான் உங்கள் வீட்டில் காணோம். படுக்கையில் கிடக்கிற ஒரு தாயை ராத்திரி முழுக்க அழவைக்கிறது என்றால், போதனை சரியாக இருந்தும் அதைக் கொடுத்த விதத்தில் ஏதோ புரண்டுபோயிருக்கிறது.

எங்கே புரண்டது தெரியுமா? தேதி கேட்ட இடத்தில். கிரியைகளை நம்பாதே என்று சொன்ன அதே வாயால், உன் விசுவாசத்துக்கு அத்தாட்சி காட்டு, நாள் சொல்லு, அனுபவம் சொல்லு என்று கேட்டால், விசுவாசமே ஒரு புதுக் கிரியை ஆகிவிடுகிறது. பழைய பரீட்சையை எடுத்துவிட்டு அதைவிடக் கடினமான பரீட்சையை வைத்த மாதிரி. தம்பிக்குத் தேதி இருக்கிறது, அதற்காகத் தேவனுக்கு நன்றி சொல்லுங்கள். பவுலுக்கும் தமஸ்கு வழியில் ஒரு நாள் இருந்தது. ஆனால் தீமோத்தேயுவிடம் பவுல் அப்படி ஒரு நாளைக் கேட்கவில்லை. பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் நிலைத்திருந்த விசுவாசம் உனக்குள்ளும் இருக்கிறது என்றுதான் எழுதினார். தேதி யாரையும் இரட்சிப்பதில்லை. நம் விசுவாசத்தின் பலம்கூட இரட்சிப்பதில்லை. கிறிஸ்துதான் இரட்சிக்கிறார். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறின தகப்பனிடம், போய் விசுவாசத்தைக் கூட்டிக்கொண்டு வா என்று இயேசு சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைக் குணமாக்கினார்.

இனி உங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அன்பினால்தான் சொல்கிறீர்கள், ஆனால் "நீங்க எவ்வளவு செஞ்சிருக்கீங்க" என்று அம்மாவிடம் இனிச் சொல்லாதீர்கள். அது ஏன் அழுகையைக் கூட்டுகிறது என்று யோசித்துப் பாருங்கள். செய்ததைக் கணக்கெடுக்கச் சொன்னால், செய்யாததும் சேர்ந்து கணக்கில் வரும். அரிசி எடுத்து வைத்த காலைகளை நினைக்கிற மனசு, கொழுந்தியாளோடு பேசாமல் இருந்த வருஷத்தையும் நினைக்கும். யாரோ கேட்டு வந்து வெறுங்கையோடு அனுப்பிய நாளையும் நினைக்கும். நல்ல மனசாட்சி உள்ளவர்களுக்குத்தான் இந்தப் பயம் அதிகம். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1505இல் மடத்தில் சேர்ந்த பிறகு மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்வாராம். முடித்து எழுந்ததும் விட்டுப்போன பாவம் ஒன்று நினைவுக்கு வரும். அவருடைய மடத்து மேலதிகாரி ஸ்டௌபிட்ஸ் அந்தக் கணக்கிலேயே அவரை விட்டுவிடவில்லை. கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்றார். உங்கள் அம்மாவுக்கும் அதே மருந்துதான் வேண்டும்.

பவுல் ரோமர் 4ஆம் அதிகாரத்தில் கூலியைப் பற்றிப் பேசுகிறார். வேலை செய்தவனுக்கு வருவது கூலி, அது கடன், கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் தேவன் "பாவியை நீதிமானாக்குகிறவர்" என்கிறார் அவர். நல்லவனை நீதிமான் என்பதற்கு எந்த நியாயாதிபதியும் போதும். பாவியை அப்படி ஏற்றுக்கொள்வதற்குத்தான் சிலுவை வேண்டியிருந்தது. ஆபிரகாமையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் 15இல் அவன் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. விருத்தசேதனம் 17ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. நியாயப்பிரமாணம் 430 வருஷம் கழித்து வந்தது என்று கலாத்தியரில் பவுல் கணக்குச் சொல்கிறார். ஏற்றுக்கொள்ளப்பட்டது முதலில், கீழ்ப்படிந்தது பிறகு. இந்த வரிசையை மட்டும் அம்மாவுக்குப் புரிய வைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

நம் மண்ணுக்குக் கிருபை என்பது அந்நியமான பேச்சும் இல்லை. நாங்குநேரி வானமாமலை மடத்தைச் சேர்ந்த தென்கலை வைணவரைக் கேட்டால், குரங்குக் குட்டிதான் தாயைக் கட்டிப் பிடிக்க வேண்டும், பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும், நாம் பூனைக் குட்டி என்பார். அப்படி ஒரு வைணவ வீட்டில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர்தான் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. இரட்சணியத்தைப் பாடுவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். நம்முடைய நம்பிக்கை நிற்கிற இடம் வேறு, அது கிறிஸ்து சிலுவையில் மரித்த கொல்கொதா. ஆனாலும் திரும்பிப் படுக்கவே ஆள் தேவைப்படுகிற அம்மாவுக்கு அந்தப் பூனைக் குட்டி உடனே புரியும் என்று நினைக்கிறேன்.

தம்பி கேட்டதற்கு அம்மாவிடம் பதில் இல்லை என்றும் நினைக்காதீர்கள். திருவிருந்து ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்கப் போகுமுன் நாம் முழங்காலில் சொல்கிற ஜெபம் நினைவிருக்கிறதா? எங்கள் சுயநீதியை நம்பி உமது மேசைக்கு வரவில்லை, உமது மிகுந்த இரக்கத்தை நம்பி வருகிறோம், மேசையின் கீழ் விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல என்று சொல்கிறோமே, அதுதான். திடப்படுத்தல் எடுத்து முதல் திருவிருந்து வாங்கிய நாள் முதல் அம்மா அதை எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்பது அந்த ஜெபம்தான். "ஆண்டவர் கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்" என்று அடுத்த முறை அழும்போது, அந்த ஜெபத்தை நீங்கள் ஆரம்பியுங்கள். அம்மா முடிப்பார்கள். இயேசு சொன்ன உவமையில் ஆலயத்துக்குப் போன, வரி வசூலிக்கிற ஆயக்காரனிடமும் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்து, தசமபாகம் கொடுத்த பரிசேயன் தன் பட்டியலை வாசித்தான். "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்றவன்தான் நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பினான்.

சரி, தம்பி விஷயம். யாக்கோபு "வேற" என்று அவன் சொல்வதில் ஒரு அரை உண்மை இருக்கிறது. பாவி எப்படி தேவனுக்கு முன் நிற்க முடியும் என்பது பவுல் எடுத்துக்கொண்ட கேள்வி. விசுவாசம் உண்டு என்று சொல்கிறவனிடத்தில் அது உயிரோடு இருக்கிறதா என்பது யாக்கோபின் கேள்வி. அவர் காட்டுவது ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த ஆபிரகாமை. அது ஆதியாகமம் 22, அதாவது நீதியாக எண்ணப்பட்டுப் பல வருஷம் கழித்து. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று சொல்கிற யாக்கோபு, சாப்பாடில்லாத சகோதரனிடம், சமாதானத்தோடே போங்கள் என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவனைப் பார்த்துப் பேசுகிறார். மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு "அதெல்லாம் கிரியை" என்கிறவனுக்கும் அது பொருந்தும்.

அவன் யாக்கோபைக் கேட்கமாட்டான் என்றால் பவுலையே வாசித்துக் காட்டுங்கள். 1 தீமோத்தேயு 5:8. "ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால், அவன் விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்." கிரியையினால் அல்ல என்று எபேசியரில் எழுதின அதே பவுல்தான். அந்த எபேசியரிலும் தம்பி ஒரு வசனம் முன்னாலேயே நிறுத்திவிடுகிறான். அடுத்த வசனம், நற்கிரியைகளைச் செய்வதற்கே நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. காணிக்கை என்று பெயர் சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை நிறுத்தியவர்களை இயேசு மாற்கு 7இல் கண்டித்தார். விசுவாசம் என்று பெயர் சொல்லி நிறுத்தினாலும் அது அதேதான்.

ஆர்.சி. பேச்சையும் அவன் விட்டுவிடலாம். 1999 அக்டோபர் 31 அன்று, ஆக்ஸ்பர்க் நகரத்தில், லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கச் சபையும் கூட்டாகக் கையெழுத்திட்டார்கள். நம்முடைய புண்ணியம் எதினாலும் அல்ல, கிருபையினாலே மட்டும், கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரண்டு பக்கமும் அதில் அறிக்கையிட்டிருக்கிறது. எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் உவரியில் இருக்கிற ஆர்.சி. சொந்தக்காரரை இதை வைத்துக் குத்த முடியாது.

அவனிடம் பேசும்போது ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். குடியை விட்டது சின்ன விஷயம் இல்லை. அதை முதலில் சொல்லுங்கள், மனதாரச் சொல்லுங்கள். கிறிஸ்து உன்னைத் தூக்கியெடுத்தார், நீ ஒன்றும் கொடுத்து வாங்கவில்லை, அதனால்தான் உன் கை இப்போது அம்மாவுக்காக நீள வேண்டும் என்று பேசுங்கள். மோட்சத்தைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் வாங்காதீர்கள். அப்படி வாங்கினால் அம்மாவுக்கு அவன் செய்ததையே நீங்கள் அவனுக்குச் செய்தவர்கள் ஆவீர்கள். பொதுவாக உதவு என்றும் சொல்லாதீர்கள். மாதம் இவ்வளவு மருந்து, வாரத்தில் இத்தனை ராத்திரி நீ அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும் என்று கேளுங்கள். பக்கத்தில் படுத்து அந்த அழுகையைக் கேட்டால் தேதி கேட்கத் தோன்றாது.

கைப்பிடி அரிசியை நிறுத்த வேண்டாம். அம்மா கேட்கும்போது, "எடுத்து வச்சிட்டேன், இயேசப்பா உங்களை ஏத்துக்கிட்டதுக்கு நன்றியா வச்சேன்" என்று சொல்லுங்கள். ராத்திரி ரோமர் 5:6 வாசியுங்கள். "நாம் பெலனற்றவர்களாயிருக்கும்போதே, குறித்த காலத்தில் கிறிஸ்து அக்கிரமக்காரருக்காக மரித்தார்." ஒரு வசனம் போதும், நீளமாக வேண்டாம். அப்புறம், உங்கள் சேகரத்து ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம் சொல்லி வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு அது எப்போதும் உண்டு, கேட்கத் தயங்க வேண்டாம். ஐயர் வரும் நாளைத் தம்பிக்கும் முன்கூட்டியே சொல்லி வரவழையுங்கள். அந்த ஜெபத்தை அவனும் அம்மாவோடு சேர்ந்து சொல்லட்டும். மருந்துச் சீட்டை அன்றைக்கே அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.