17 எம்பி ஏன் 23 எம்பி ஆகிறது?

கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் 20 எம்பி வரை அனுப்பலாம் என்கிறார்கள். 17 எம்பி பிடிஎஃப் 'அளவு அதிகம்' என்று திரும்பி வருகிறதே, ஏன்?

பதில்: கோப்பு போகிற வழியில் பெருத்துவிடுகிறது. 1982-இல் வகுத்த மின்னஞ்சல் நெறிமுறை 7 பிட் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே ஆனது, பிடிஎஃப்போ 8 பிட் பைட்டுகளால் ஆனது, அப்படியே விட்டால் சிதைந்துவிடும் என்பதால் 3 பைட்டுகளின் 24 பிட்டுகளை ஆறாறாகப் பிரித்து 4 எழுத்துகளாக்கி அனுப்புகிறார்கள். இதுதான் பேஸ்64. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண்கள், கூட்டல் குறி, சாய்கோடு, மொத்தம் 64. மூன்று நான்கானால் கூடத்தானே செய்யும்? 76 எழுத்துக்கு ஒருமுறை வரி மடிப்பதும் சேர்ந்தால் 23 எம்பி தாண்டிவிடும்.

இதற்கு முன்பு, 1980-இல் மேரி ஆன் ஹார்ட்டன் எழுதிய, இதேபோல் கோப்பை எழுத்துகளாக்கும் யூயூஎன்கோட் இருந்தது. அருமையான வேலை, ஆனால் அதில் இடைவெளியும் ஓர் எழுத்து. வரிக்கடைசி இடைவெளியைச் சில கணினிகள் வெட்டிவிட, கோப்பு பாழாகும். 1992-இல், பேஸ்64-ஐ மின்னஞ்சல் இணைப்புகளுக்குக் கொண்டுவந்த மைம் என்ற தரத்தில் அந்த வம்பே இல்லை.

மின்னஞ்சலின் மூலத்தை, அதாவது அது அனுப்பப்பட்ட எழுத்து வடிவத்தை, திறந்து பாருங்கள், ஜேபெக் படம் என்றால் அதன் பேஸ்64 எழுத்துகள் எப்போதும் சாய்கோடு, 9, சின்ன ஜே, மறுபடி சாய்கோடு என்றே தொடங்கும். சரி, உங்கள் பிடிஎஃப்பை 14.5 எம்பிக்குள் சுருக்குங்கள், போய்விடும்.